கொருக்குப்பேட்டையா, கோவை கணபதியா?

கேள்வி இது. கொருக்குப்பேட்டையில் தரைத்தள வாடகை வீடு, வாடகை 9,000. எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் சிஎன்சி (கணினி கட்டுப்பாட்டில் ஓடும் உலோக மெஷின்) வேலை, சம்பளம் 19,500. மனைவி சவுகார்பேட்டை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறார், 11,000. அம்மாவுக்கு 66 வயது, சர்க்கரையும் பிரஷரும். பெரியவன் ஒன்பதாவது படிக்கிறான், சின்னவளுக்கு அடிக்கடி மூச்சிளைப்பு. கோவை கணபதியில் ஒரு கம்பெனி 23,500 தருவதாகக் கூப்பிடுகிறது. அங்கே வீடு 8,500க்குக் கிடைக்கும் என்கிறார்கள். குடும்பத்தோடு போய்விடலாமா?

இந்த எண்களோடு என்றால் வேண்டாம். கோவை மோசம் என்பதற்காகச் சொல்லவில்லை. ஊரும் ஊரும் ஒப்பிட்டால் தட்பவெப்பம், சுத்தம், சாலை என்று கோவைக்குப் பல மதிப்பெண் கிடைக்கும். ஆனால் நீங்கள் ஊரில் குடியிருக்கப் போவதில்லை, ஒரு தெருவில் ஒரு மாதச் சம்பளத்தில் குடியிருக்கப் போகிறீர்கள். அந்த மாதக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் 4,000 ரூபாய் உயர்வு எங்கே கரைகிறது என்று தெரியும்.

இப்போது வீட்டுக்குள் வருவது 30,500. வாடகை 9,000 போகிறது. வேலைக்குப் போய்வர உங்களுக்கு ஆகும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை: கொருக்குப்பேட்டையில் ஏறி பேசின் பிரிட்ஜில் மாறி பட்டரவாக்கத்தில் இறங்கினால் ஒரு நடை 5 ரூபாய், 26 நாளைக்கு 260. சீசன் டிக்கெட் எடுத்தால் இன்னும் குறைவு. மனைவிக்குச் சவுகார்பேட்டைக்குப் பக்கத்து மின்ட் வரை சாதாரணக் கட்டண பஸ், அது பெண்களுக்கு இலவசம். ஆக, கையில் நிற்பது 21,240.

கணபதியில் 23,500 வருகிறது. வாடகை 8,500. புறநகர் ரயில் அங்கே இல்லை, மெட்ரோவும் இல்லை. ஷிப்டு வேலைக்கு டூவீலர் இல்லாமல் முடியாது. வீட்டிலிருந்து கம்பெனி 8 கிலோமீட்டர் என்றால் மாதம் 416 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிடைக்கும் வண்டியில், பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தாலே 900 ரூபாய்க்கு மேல் போகும். சர்வீஸைச் சேர்க்காமல் 1,000 என்று வையுங்கள். நிற்பது 14,000. இன்றைய நிலையைத் தொடவே உங்கள் மனைவி அங்கே மாதம் சுமார் 7,250 சம்பாதிக்க வேண்டும். முதல் மாதமே அந்த வேலை கிடைக்காது. மூன்று மாதம் தேடினால் 21,000க்கு மேல் கைக்காசு போகும். பெரும்பாலானவர்கள் தவறவிடுவது இந்த இரண்டாவது சம்பளத்தைத்தான். வேலை மாற்றம் ஆணுக்கு வருகிறது, வேலை இழப்பு பெண்ணுக்கு வருகிறது, கணக்கில் முன்னது மட்டும் ஏறுகிறது.

அடுத்தது ஈ.எஸ்.ஐ. இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஈ.எஸ்.ஐ.க்கான சம்பள வரம்பு 21,000. இப்போது 19,500இல் உங்களிடம் பிடிப்பது 0.75 சதவீதம், அதாவது 146 ரூபாய் சொச்சம். அந்தக் காசுக்கு மனைவி, பிள்ளைகள், உங்களை நம்பி இருக்கும் அம்மா எல்லோருக்கும் டிஸ்பென்சரி முதல் அயனாவரம் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை வரை வைத்தியம் கிடைக்கிறது. ஒரே கம்பெனியில் நடுவில் சம்பளம் 21,000ஐத் தாண்டினால், அந்தப் பங்களிப்புக் காலம் (ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச்) முடியும்வரை காப்பீடு தொடரும். புதுக் கம்பெனியில் சேரும்போதே வரம்பைத் தாண்டிய சம்பளம் என்றால் புதுப் பங்களிப்பு கிடையாது, ஏற்கெனவே கட்டியதற்கான பலன் காலம் முடிந்ததும் வெளியே. அப்புறம் 66 வயது சர்க்கரை நோயாளியைச் சேர்த்துத் தனியார் காப்பீடு எடுக்க வேண்டும். வருட பிரீமியம் என்ன என்று விசாரித்து 12ஆல் வகுத்துப் பாருங்கள். 4,000 உயர்வில் பெரும் பங்கை அதுவே தின்றுவிடும். அம்மாவுக்கு ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலமும் போடுவார்கள்.

இங்கேதான் 23,500 எப்படி வருகிறது என்பது முக்கியமாகிறது. ஓவர்டைம் சேர்த்துச் சொன்ன தொகையா? வரம்பைப் பார்க்கும்போது ஓவர்டைம் சேராது. அதனால் ஈ.எஸ்.ஐ. தப்பிக்கலாம். ஆனால் அப்படியானால் நீங்கள் 12 மணி நேரம் நிற்கப் போகிறீர்கள் என்று அர்த்தம். இப்போது எட்டு மணி நேரத்துக்கு 19,500 என்றால் மணிக்கு 94 ரூபாய். 12 மணி நேரத்துக்கு 23,500 என்றால் மணிக்கு 75. சம்பளம் ஏறியது மாதிரி தோன்றும், உண்மையில் இறங்கியிருக்கும். சட்டப்படி ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி. அதைத் தனியாகக் காட்டுகிறார்களா, மொத்தத்தில் அமுக்கிவிடுகிறார்களா என்று பாருங்கள். ஆபர் லெட்டர் வாங்காமல் போனில் பேசியதை நம்பி லாரி பிடிக்காதீர்கள். லெட்டரில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஷிப்டு எத்தனை மணி நேரம், ஈ.எஸ்.ஐ.க்கு எந்தத் தொகையைச் சம்பளமாகக் கணக்குக் காட்டுவார்கள், பதவி ஆப்பரேட்டரா (மெஷினை ஓட்டுபவர்) செட்டரா (மெஷினை வேலைக்குத் தயார்செய்பவர்).

கடைசியாகச் சொன்னதுதான் கோவையின் உண்மையான பலம். பம்பு, மோட்டார், ஜவுளி இயந்திரம், கிரைண்டர் என்று உலோகத்தை வார்த்துக் கடையும் தொழில் அந்த ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு, குறிச்சி சிட்கோ பக்கம் நடந்தால் பவுண்டரி, பேட்டர்ன் கடை, ஹீட் ட்ரீட்மென்ட், ஜாப் ஆர்டர் பட்டறை எல்லாம் அக்கம்பக்கத்திலேயே கிடைக்கும். ஆப்பரேட்டராகப் போய் ஜாப் லோடு பண்ணி பட்டன் அழுத்தும் வேலைக்கு அம்பத்தூரும் கணபதியும் ஒன்றுதான். செட்டிங், புரோகிராமிங் கற்றுக்கொடுப்பதாக இருந்தால், ஐந்தாறு வருஷத்தில் சொந்தமாக ஒரு மெஷின் போடும் எண்ணம் இருந்தால், கோவை வேறு கணக்கு. அப்போது முதல் வருட நஷ்டத்தைப் படிப்புச் செலவு மாதிரி எடுத்துக்கொள்ளலாம்.

சின்னவளின் இளைப்பு உங்கள் கேள்வியில் ஓரமாக வந்தாலும் உங்களைத் தூங்கவிடாதது அதுதான் என்று தெரிகிறது. வட சென்னைக் காற்றுக்கு வக்காலத்து வாங்க முடியாது. வடக்கே மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும், இன்னும் மேலே எண்ணூர் தாண்டி அத்திப்பட்டு அனல் மின் நிலையம், மேற்கே கொடுங்கையூர் குப்பைக்கிடங்கு. பகலில் கடற்காற்று புகையை உள்நாட்டுப் பக்கம் தள்ளிவிடும். இரவில் காற்று திரும்பி மேற்கிலிருந்து வரும். அப்போது கொடுங்கையூர் நாற்றமும், குப்பை எரிந்தால் புகையும் கொருக்குப்பேட்டைக்கு வரும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று அடிக்கும்போது மணலிப் பக்கத்து வாசனை தெற்கே இறங்கும். இளைப்பு இரவிலும் விடியற்காலையிலும் கூடுகிறதா, வாடை மாதங்களில் கூடுகிறதா என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் காட்டும்போது அந்த நோட்டு டாக்டருக்கு உதவும், உங்கள் முடிவுக்கும் உதவும்.

ஆனால் இன்னொரு காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நனைந்த தரைத்தளச் சுவர்கள் பலவற்றில் ஈரம் இன்னும் போகவில்லை. கட்டிலுக்குப் பின்னால், பீரோவுக்குப் பின்னால் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை படிந்திருக்கும். மேலே பெயின்ட் அடித்தால் இரண்டு மழைக்கு மறையும், பிறகு உரிந்துகொண்டு வரும். இளைப்புள்ள குழந்தைக்கு இது புகைக்குக் குறையாத தொல்லை. இதற்கு 500 கிலோமீட்டர் போக வேண்டியதில்லை, ஒரு மாடி ஏறினால் போதும். கோடை லீவில் பிள்ளையை வேறு ஊரில், காய்ந்த சுவருள்ள வீட்டில் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள்.

கோவைக்குப் போனால் இளைப்பு நின்றுவிடும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உடம்புக்கு இதமாக இருக்கும், சென்னை மாதிரி பிசுபிசுப்பு கிடையாது. அதே காற்று தூசியையும் தூக்கிக்கொண்டு வரும். மார்கழியில் விடியற்காலைக் குளிர் சில பிள்ளைகளுக்கு ஆகாது. பவுண்டரிக்கு அடுத்த சந்தில் வீடு பார்த்தால் மணலியை விட்டு வந்ததற்குப் பலன் இல்லை. அங்கேயும் ஒரு குப்பைக்கிடங்கு உண்டு, வெள்ளலூரில். போத்தனூர்ப் பக்கம் காற்று திரும்பும் இரவுகளில் கொடுங்கையூர்க்காரர்களுக்கு ஊர் ஞாபகம் வரும்.

தண்ணீரைப் பற்றிக் கோவைக்காரர்கள் பெருமையாகச் சிறுவாணி என்பார்கள். ருசியில் பொய்யில்லை. ஆனால் எல்லா வீட்டுக்கும் சிறுவாணி வராது. ஊரின் வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பாலும் பில்லூர்த் தண்ணீர்தான். சிறுவாணி அணை இருப்பது கேரளத்தில். அங்கே மட்டம் இறங்கினால் இங்கே குழாய் வரும் நாள் தள்ளிப்போகும். அங்கே வீடு பார்க்கும்போது “தண்ணி வருமா” என்று கேட்டால் “வருமுங்க” என்றுதான் பதில் வரும். “நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா, எத்தனை மணி நேரம், தொட்டி எத்தனை லிட்டர், எத்தனை வீட்டுக்கு அந்தத் தொட்டி” என்று கேளுங்கள். கோவை வீடுகளில் நல்ல தண்ணிக்கு ஒரு குழாய், உப்புத் தண்ணிக்கு ஒரு குழாய் என்று தனித்தனியாக இருக்கும். உப்புத் தண்ணி போரிலிருந்து வருவது, குளிக்கவும் துவைக்கவும். பாத்ரூம் டைல்ஸில் வெள்ளைப் படிவு, ஷவர் துளை அடைப்பு இருந்தால் உப்பு அதிகம் என்று புரிந்துகொள்ளலாம். நல்ல தண்ணித் தொட்டி சிறியதாக இருந்து நான்கைந்து நாளைக்கு ஒருமுறை வந்தால், ஐந்து பேருக்கு மூன்றாம் நாளே கேன் வாங்க வேண்டிவரும்.

கொருக்குப்பேட்டையில் சிக்கல் வேறு. குழாயில் அழுத்தம் குறைவு, அதனால் அடிபம்பு, அதுவும் போதாதென்று மோட்டார். மோட்டார் இழுக்கும்போது பழைய குழாயின் விரிசல் வழியாகப் பக்கத்துச் சாக்கடையையும் சேர்த்து இழுத்துவிடும். காலையில் வரும் முதல் இரண்டு குடம் கலங்கலாகவோ நாற்றமாகவோ இருந்தால் காரணம் இதுதான். அதைக் கொட்டிவிடுவது பழக்கமாகிவிட்டது, ஆனால் நாற்றம் நிற்கவில்லை என்றால் குடிநீர் வாரியத்தில் புகார் எழுதிக் கொடுத்து எண் வாங்குங்கள். தெருவே சேர்ந்து கொடுத்தால்தான் தோண்டுவார்கள்.

வெள்ளத்தில் இரண்டு ஊரையும் சமமாக வைக்க முடியாது. வட சென்னையின் மழைநீர் கேப்டன் காட்டன் கால்வாய், கொடுங்கையூர் கால்வாய், ஓட்டேரி நல்லா வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது. வடக்கே ஓடும் தண்ணீருக்கு வாசல் எண்ணூர் முகத்துவாரம். பூண்டியில் திறந்துவிட்ட தண்ணீர் கொசஸ்தலையாற்றில் வந்துகொண்டிருக்க, கடலிலும் ஏற்றமாக இருந்தால், கால்வாய் வடியாது, பின்னால் தள்ளும். மழை நின்று இரண்டு நாளாகியும் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்பது அதனால்தான். வடிகால் எத்தனை கட்டினாலும் வாசல் அடைத்திருந்தால் ஒரு பலனும் இல்லை. கோவையில் ஆண்டு மழையே சென்னையில் பெய்வதில் ஏறக்குறைய பாதி, நிலமும் சரிவு. அங்கே மழை பெய்தால் லங்கா கார்னர் மாதிரி பாலத்தடிகள் நிரம்பும், ஒரு பஸ் மாட்டும், சில மணி நேரத்தில் வடியும். நொய்யல், குளக்கரை ஓரத்து வீடுகளை மட்டும் தவிருங்கள்.

அதனால் என் யோசனை மூன்றாவது ஒன்று. முதலில் ஐந்தாறு கிலோமீட்டர் மேற்கே நகருங்கள். பெரம்பூர், பெரியார் நகர், வில்லிவாக்கம் பக்கம் முதல் மாடி வீடு. உங்களுக்குப் பட்டரவாக்கம் வரை ரயில் மாறாமல் போகலாம். மனைவி சென்ட்ரலில் இறங்கினால் சவுகார்பேட்டை தொட்டுவிடும் தூரம். ஈ.எஸ்.ஐ. அப்படியே, அம்மாவுக்கு ஸ்டான்லியில் உள்ள சீட்டும் அப்படியே. வாடகை கூடும். மாதவரத்திலிருந்து பெரம்பூர், அயனாவரம் வழியாக மெட்ரோ வேலை நடக்கிறது, அது ஓட ஆரம்பித்தால் இன்னும் கூடும். மாதம் 2,500 கூடுதலாகக் கொடுத்தாலும் கோவைக் கணக்கைவிடப் பெரிய நஷ்டம் இல்லை. பெரம்பூர் என்றதும் எல்லாத் தெருவும் மேடு என்று நினைக்காதீர்கள். பட்டாளம், புளியந்தோப்புப் பக்கம் ஒவ்வொரு மழைக்கும் படகு விடும் இடங்கள் உண்டு, கொரட்டூரும் 2023இல் தப்பவில்லை.

வீடு பார்க்கும்போது சுவரில் பழைய தண்ணீர்க் கோடு இருக்கிறதா, தண்ணீர் மோட்டாரைத் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறார்கள், ஈபி பெட்டி எந்த உயரத்தில் என்று பாருங்கள். மோட்டாரை இடுப்பளவு மேடை கட்டித் தூக்கியிருந்தால் வீட்டுக்காரர் வாய் திறந்து சொல்லாததை அந்த மேடை சொல்லும். புரோக்கரிடம் கேட்காமல் தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடம் 2023இல் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று கேளுங்கள். மின்சாரம் சப் மீட்டரா, தனி இணைப்பா என்பதும் முக்கியம். தனி இணைப்பென்றால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கு வரும். சப் மீட்டரில் வீட்டுக்காரர் யூனிட்டுக்கு ஒரு விலை வைத்து வாங்கிக்கொள்வார், இலவச யூனிட் அவர் பக்கம் நின்றுவிடும்.

அட்வான்ஸ் விஷயத்தில் இரண்டு ஊருக்கும் ஒரே சட்டம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம். வேறு ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. அந்த “வேறு ஒப்பந்தம்” என்ற வார்த்தையில்தான் பத்து மாத அட்வான்ஸ் எல்லாம் புகுந்துகொள்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை ஆணையத்தில் பதிவு செய்வது கட்டாயம். காலி செய்யும்போது பெயின்ட் காசு என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது சென்னை வழக்கம், அதை ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். பழைய அட்வான்ஸ் கைக்கு வரும் முன் புது அட்வான்ஸ் கட்ட வேண்டியிருக்கும் என்பதால், மாறும் மாதத்தில் இரண்டு அட்வான்ஸ் பணமும் ஒரே நேரத்தில் வெளியே நிற்கும். வட்டிக்கு வாங்கினால் கோவை வாடகைக் குறைவில் மிச்சமாகும் 500 ரூபாய் வட்டிக்கே போகும். அசைவமா, என்ன ஆளுங்க என்ற கேள்வி இரண்டு ஊரிலும் வரும். கோவையில் மரியாதையாக “வீடு பேசி முடிஞ்சிருச்சுங்க” என்பார்கள், இங்கே நேராகவே சொல்லிவிடுவார்கள். காசிமேட்டு மீன் சாப்பிட்ட நாக்குக்கு உக்கடம் மார்க்கெட் பழக ஒரு வருஷமாகும், அதையும் செலவில் சேருங்கள்.

எந்த நிலையில் கோவை சரி? கம்பெனி 28,000 தந்தால், அல்லது செட்டர் பதவி எழுத்தில் வந்தால், கூடவே மனைவிக்கு 8,000க்குக் குறையாத வேலை முன்கூட்டியே உறுதியானால். கணக்கு எழுதத் தெரிந்தவருக்கு, டாலி பழக்கமும் இருந்தால், ஒப்பணக்கார வீதி, பெரிய கடை வீதிக் கடைகளில் விசாரிக்கலாம். கணபதியிலிருந்து காந்திபுரம் வழியாக பஸ் உண்டு. ஒரு விஷயம்: கோவை டவுன் பஸ்களில் தனியார் வண்டிகளும் ஓடுகின்றன, அவற்றில் பெண்களுக்கு இலவசம் கிடையாது. அரசு சாதாரணக் கட்டண பஸ்ஸுக்குக் காத்திருந்தால்தான் டிக்கெட் காசு மிச்சம்.

போவதென்று முடிவானால் நீங்கள் மட்டும் முதலில் போய் மேன்ஷனிலோ ஹாஸ்டலிலோ இரண்டு மாதம் தங்குங்கள். சொன்ன சம்பளம் சொன்னபடி வருகிறதா என்று இரண்டு சம்பளச் சீட்டு பார்த்த பிறகு குடும்பத்தைக் கூப்பிடுங்கள். பெரியவனுக்கு இந்த மே மாதம் விட்டால் அடுத்த வாய்ப்பு பத்தாவது எழுதிய பிறகுதான். பத்தாவது நடுவில் பள்ளி மாற்றாதீர்கள். பாடத்திட்டம் இரண்டு ஊரிலும் ஒன்றே. பழைய பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போது எமிஸ் எண்ணையும் (அரசின் மாணவர் பதிவு எண்) குறித்து வாங்கிக்கொண்டால் சேர்க்கையில் தாமதம் வராது. ரேஷனுக்கு அவசரம் இல்லை, தமிழ்நாட்டுக்குள் எந்தக் கடையிலும் கைரேகை வைத்து வாங்கலாம், முகவரியைப் பிறகு ஆன்லைனில் மாற்றிக்கொள்ளுங்கள். பி.எஃப்.க்கு யுஏஎன் எண் மாறாது, புதுக் கம்பெனியில் புது எண் போட விடாதீர்கள். வண்டி தமிழ்நாட்டுப் பதிவுதான் என்பதால் நம்பர் மாற்ற வேண்டாம், 30 நாளுக்குள் அந்தப் பகுதி ஆர்.டி.ஓ.வில் முகவரி மாற்றினால் போதும். அம்மாவின் சர்க்கரை, பிரஷர் மாத்திரையை மக்களைத் தேடி மருத்துவத்தில் அங்கேயும் வாங்கலாம், ஸ்டான்லி சீட்டுகளின் நகலோடு போய் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியுங்கள்.

ஊருக்கு வந்து போகும் செலவையும் விட்டுவிடாதீர்கள். சேரன், நீலகிரி இரண்டும் இரவு வண்டிகள், ஸ்லீப்பரில் ஐந்து பேர் போய்வர 3,000 ரூபாய்க்கு மேல். முன்பதிவு 60 நாளுக்கு முன் காலை எட்டு மணிக்குத் திறக்கும், பொங்கல், தீபாவளி டிக்கெட் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.